கிடாய்க் கோப்பை

ஒரு கழகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது அதன் பதிவேட்டையே. தொடங்கிய நாள், முன்னின்று தொடங்கியவர், முதல் தலைவர், ஆண்டு விழாக்களில் எடுத்த நிழற்படங்கள், வெள்ளிவிழா மலர் ஆகியவை கைக்குக் கிடைத்துவிட்டால் பாதி வரலாறு எழுதி முடிந்த மாதிரிதான். நம் பங்குகளில் மரியாயின் சேனைக்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபைக்கும் இத்தகைய ஏடுகள் உண்டு. கரையான் அரித்தது போக எஞ்சியவையேனும் உண்டு. ஆனால் பதிவேடும் கட்டடமும் தலைவரும் இல்லாமல், சில வேளை பெயர்கூட இல்லாமல், தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் ஹாக்கிக் கழகங்கள் நம் நாட்டின் ஒரு மூலையில் உள்ளன. இந்தியா பெற்ற ஒலிம்பிக் பதக்கங்களில் அவற்றின் பங்கு சிறிதன்று. எழுதி வைப்பார் இல்லாத அவ்வரலாற்றில் நமக்குத் தெரிந்த அளவை வாசகர் முன் வைக்க விழைகிறோம்.

வளைகோற் பந்தாட்டம் என்று நல்ல தமிழில் எழுத நமக்கும் ஆசைதான். ஆயினும் அவ்வாறு எழுதினால் நம் இளைஞர்கள் அதனை வேறு ஏதோ ஓர் ஆட்டமென எண்ணிவிடக்கூடும் என அஞ்சி, மக்கள் நாவில் வழங்கும் சொல்லையே கையாளுகிறோம்.

நாம் குறிப்பிடும் மூலை சோட்டா நாகபுரி மேட்டுநிலமாகும். இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்த சிம்டேகா, கும்லா, கூண்டி மாவட்டங்களும், அவற்றை ஒட்டித் தெற்கே ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டமும் இதில் அடங்கும். முண்டா, உராவோன், கடியா முதலிய பழங்குடி மக்கள் வாழும் பகுதி. நம் வாசகருக்கு இது முற்றிலும் அந்நிய நிலமன்று. 1885-இல் அங்குச் சென்ற பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தைப் பறிகொடுத்து நின்ற அம்மக்களுக்கு நீதிமன்ற வழக்குகளில் துணை நின்றதைக் குருமட மாணவர் யாவரும் படித்திருப்பர். அவர் வழியில் வந்த அருள்தந்தை ஹாஃப்மனின் உழைப்பும் சேர்ந்தே 1908-ஆம் ஆண்டின் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் உருவாயிற்று. பழங்குடியினரின் நிலம் எளிதில் பிறர் கைக்குப் போகாதவாறு அச்சட்டம் ஓரளவு காத்தது. ஹாக்கியைப் பற்றிப் பேச வந்தவர் குத்தகைச் சட்டத்தைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று கேட்கலாம். நிலம் தங்கிய ஊரில்தான் திடலும் தங்கும் என்பது நம் கருத்து. நம் பக்கத்தில் எத்தனையோ ஊர்ப் பொதுத் திடல்கள் மனைகளாகி மறைந்ததை நாமே கண்டிருக்கிறோம். லுத்தரன் சபையாரும் ஆங்கிலிக்கன் சபையாரும் கத்தோலிக்கரும் அங்கு நிறுவிய பள்ளிகளின் முன்னே பரந்த திடல்கள் இருந்தன. அத்திடல்களில் ஹாக்கி வேரூன்றியது.

அம்மேட்டுநிலச் சிற்றூர்களில் கழகம் என்பது ஊரேதான். ஊரில் பிறந்த பிள்ளை கழகத்தில் பிறந்த பிள்ளை. காட்டில் வளைந்த கிளையையோ மூங்கிலையோ வெட்டிச் செதுக்கினால் மட்டை ஆயிற்று. மூங்கிலின் வேர்க்கட்டையை உருண்டையாகத் தேய்த்தால் பந்தும் ஆயிற்று. காலுக்கு ஒன்றும் வேண்டாம். நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஊர்களுக்கிடையே போட்டிகள் தொடங்கும். இவற்றுக்குக் கஸ்ஸிப் போட்டிகள் என்று பெயர். கஸ்ஸி என்பது காயடித்த ஆட்டுக்கிடாய். ஒவ்வோர் ஊரும் நுழைவுக் கட்டணமாகச் சிறுதொகை கட்ட, வென்ற ஊருக்குக் கிடாய் பரிசு. இறுதியில் தோற்ற ஊருக்குச் சற்றே சிறிய கிடாய். கிடாய்க்கு வழியில்லாத இடங்களில் கோழி. வெள்ளிக் கோப்பையைக் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்து ஆண்டுக்கொரு முறை துடைப்பது நம் வழக்கம். அங்கோ கோப்பையானது அன்றிரவே பெரிய பாத்திரத்தில் வெந்து, ஆடியவர் ஆடாதவர் என்ற வேறுபாடின்றி ஊரார் அனைவரின் இலையிலும் விழுந்துவிடும். பந்தயத்தில் ஓடுவோர் அழிந்துபோகும் முடிக்காக உழைப்பதைக் கொரிந்தியருக்குச் சுட்டிக்காட்டிய புனித சின்னப்பர், இந்தக் கோப்பையைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ என எண்ணி நாம் புன்னகைத்ததுண்டு. பதிவேடு மட்டுமன்று, பரிசும் எஞ்சாத வரலாறு இது.

இதெல்லாம் நாம் நூலில் படித்து அறிந்ததன்று. புனே நகரில் இறையியல் பயின்ற காலத்தில் சிம்டேகா மறைமாவட்டத்துக் கடியா இனத்தவர் ஒருவர் நமக்கு வகுப்புத் தோழராக வாய்த்தார். எபிரேய இலக்கணத்தில் அவரும் நாமும் ஒரே கரையில் நின்று தவித்தவர்கள். மாலையில் மட்டையைக் கையில் எடுத்துவிட்டால் அவர் வேறு மனிதர். தமிழ் மாணவர்களாகிய நம்மவர்க்குக் கால்பந்தும் கைப்பந்தும் பழக்கம். ஹாக்கி மட்டையைக் களைக்கொத்து போலப் பிடிப்போம். அவரோ நம் நால்வரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்க் கோலடித்துவிட்டு, அடித்தது குற்றம் போலத் தலைகுனிந்து திரும்பி வருவார். எந்தக் கழகத்தில் ஆடினீர் என்று ஒருநாள் கேட்டோம். கேள்வி அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது தம் ஊர்ப் பெயரைச் சொன்னார்.

அவருடைய குருப்பட்ட விழாவுக்காக 1999 சனவரியில், நம் வகுப்பினர் மூவர் சென்னையில் ரயிலேறி ராவுர்கேலாவில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் அவருடைய ஊருக்குச் சென்றோம். அப்பகுதி அப்போது பீகார் மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. முதல் திருப்பலி முடிந்து, பறை முழங்க ஊரார் கைகோத்து ஆடி, உணவும் முடிந்தபின் இளைப்பாற இடம் தேடிய நம்மை, அறுவடை முடிந்த வயல்களின் நடுவே ஒரு செம்மண் திடலுக்கு அழைத்துப் போனார்கள். புதுக்குருவின் மகிழ்ச்சிக்காக அண்டை ஊருடன் ஒரு போட்டி. கொழுத்த கிடாய் ஒன்று கழுத்தில் மாலையுடன் இலுப்பை மரத்தடியில் தழை மென்றுகொண்டிருந்தது. ஊர் உபதேசியார்தான் நடுவர். வரப்பைத் தாண்டிப் போன பந்தை நெல்தாளுக்குள் தேடி எடுப்பதற்கென்றே சிறுவர் கூட்டம் ஒன்று இருந்தது. மேடும் பள்ளமுமான அந்தத் தரையில் துள்ளி வரும் பந்தை வெறுங்காலுடன் நின்று மட்டையில் நிறுத்திய பையன்களின் நிதானத்தை நாம் அதன்பின் எங்கும் கண்டதில்லை.

நாம் தமிழர் என்று தெரிந்ததும், தன்ராஜ் பிள்ளையைத் தெரியுமா என்று பலரும் கேட்டனர். ஒரு மாதத்துக்கு முன்புதான், 1998 டிசம்பரில், பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றிருந்தது; 1966-க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம். நாம் பயின்ற புனேயைச் சார்ந்த கட்கியில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பிறர் எறிந்த உடைந்த மட்டைகளால் ஆடிப் பழகியவர் அவர் என்று சொன்னபோது, அங்குள்ளோர்க்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. அதே அணியில் அவர்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தனர். திலீப் திர்கியும் லாசருஸ் பார்லாவும் சுந்தர்கர் மாவட்டத்தார்.

ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு முதியவர் நம் அருகே வந்தமர்ந்து, மன்றாட்டுமாலையில் புனிதர் பெயர்களைச் சொல்வது போல் சில பெயர்களைச் சொன்னார். ஜெய்பால் சிங், மைக்கேல் கிண்டோ, சில்வானுஸ் டுங்டுங், மனோகர் தொப்னோ. அவர் சொன்ன அந்தப் பெயர்களின் பின்னே உள்ள வரலாறு நம் குடும்பங்களில் பலருக்கும் தெரியாதது.

ஜெய்பால் சிங் கூண்டிப் பகுதி முண்டாச் சிற்றூர் ஒன்றில் 1903-இல் பிறந்தவர். ராஞ்சியில் ஆங்கிலிக்கன் சபையாரின் புனித பவுல் பள்ளியில் பயின்றவரை அப்பள்ளியின் தலைவர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் படித்து, இந்திய ஆட்சிப் பணிக்கும் தேர்வு பெற்றார். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு முதன்முதலாக அனுப்பப்பட்ட இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்க அழைப்பு வந்தபோது, ஆட்சிப் பணியினர் விடுப்புத் தரவில்லை. விடுப்பின்றியே புறப்பட்டார். அவ்வணி ஆடிய 5 ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்து, ஒன்றும் வாங்காமல் தங்கம் வென்றது. எனினும் நெதர்லாந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அணித்தலைவர் களத்தில் இல்லை. அணிக்குள் எழுந்த கசப்பைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். அவர் அதற்கு முன்பே அணியை விட்டு நீங்கிவிட்டார் என்பது மட்டும் உறுதி. திரும்பி வந்தபின் பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றதும், அந்தப் பணியையே உதறினார். பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களுக்காக அவர் எழுப்பிய குரல் ஹாக்கியினும் பெரிது. அதனைத் தனியே எழுத வேண்டும்.

மைக்கேல் கிண்டோ சிம்டேகாப் பகுதியைச் சேர்ந்த பின்காவல் ஆட்டக்காரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றவர். 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியை ஹாக்கி அறிந்தோர் எவரும் மறந்திரார். மலேசியா முன்னணியில் நிற்க, ஆட்டம் முடியும் தறுவாயில் கிண்டோவை வெளியே அழைத்து அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார்கள். அஸ்லம் தம் கழுத்துத் தாயத்தை முத்தமிட்டு, பெனால்டி கார்னரில் அடித்த பந்து கோலாயிற்று. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங்கின் கோலால் வெற்றி. இறுதியில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கோப்பையும் கிட்டியது. இன்றுவரை இந்தியா வென்ற ஒரே ஆடவர் உலகக் கோப்பை அது. அஸ்லமின் தாயத்தைப் பற்றி எழுதாத ஏடு இல்லை. கிண்டோ வெளியே நடந்து வந்ததை எழுதியவர் அரிது. உரிய நேரத்தில் வெளியே வருவதற்கும் ஓர் ஆள் வேண்டுமல்லவா என்பது அந்த முதியவரின் கணக்கு. கடற்படையிலும் பின்னர் ராவுர்கேலா உருக்காலையிலும் பணியாற்றிய கிண்டோ, 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ராவுர்கேலாவில் இறந்தார்.

1980 மாஸ்கோவில், நம் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என்று வென்ற அணியில் சில்வானுஸ் டுங்டுங் ஆடினார். தங்கம் பெற்று 36 ஆண்டுகள் கழித்து, 2016-இல் அவருக்குத் தயான்சந்த் விருது வழங்கப்பட்டது. அரசுகளுக்கு நினைவு சற்று மெதுவாகவே வருகிறது.

இதற்கிடையில் தரையே மாறிவிட்டது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. அதுவரை பதக்கமின்றித் திரும்பாத இந்தியா அம்முறை 7-ஆம் இடத்துக்கு இறங்கிற்று. மேடுபள்ளத்தில் துள்ளும் பந்தை அடக்கும் கலை ஒன்று. நீர் தெளித்த சமதளத்தில் அம்பெனப் பாயும் பந்தின் பின்னே ஓடும் திறன் மற்றொன்று. அத்தகைய தளம் ஒன்றை அமைக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். மூங்கில் மட்டைக்கு அங்கு வேலையில்லை. ஏழை நாட்டுச் சிற்றூர்களின் கையிலிருந்து ஆட்டத்தைப் பறித்த மாற்றம் இது என்று எண்ணுவோரோடு நாமும் உடன்படுகிறோம். பின்னர் ராவுர்கேலாவை அடுத்த பான்போஷில் அரசு விளையாட்டு விடுதி எழுந்தது. உருக்காலையும் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. சிற்றூர்ப் பிள்ளைகளில் தேர்ந்தவர்கள் விடுதிகளுக்குப் போயினர். மற்றவர்க்குச் செம்மண் திடலே எஞ்சியது.

ஆயினும் தேர்ந்தவர்களை அனுப்பியவை அந்தத் திடல்கள்தாம். சுந்தர்கர் மாவட்டத்துச் சௌனமாரா ஒரு சிற்றூர். அங்கிருந்து வந்த திலீப் திர்கி மூன்று ஒலிம்பிக்குகளிலும் மொத்தம் 412 பன்னாட்டு ஆட்டங்களிலும் ஆடி, 2022-இல் நாட்டின் ஹாக்கி அமைப்புக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பின்னே அதே ஊரிலிருந்து அமித் ரோகிதாஸ் வந்தார். 41 ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டு 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் பெற்ற அணியில் அவரும், அதே மாவட்டத்துப் பீரேந்திர லக்ராவும் இருந்தனர். 2024 பாரிஸில் காலிறுதியின் தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை காட்டி ரோகிதாஸ் வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பத்துப் பேர் நின்று வென்றனர். அரையிறுதியில் ஆட அவருக்குத் தடை. இந்தியா அதில் தோற்றது. அன்று ஊரில் அவர் வீட்டார் எப்படி அமர்ந்து ஆட்டத்தைக் கண்டிருப்பர் என்று நமக்குத் தோன்றிற்று.

பெண் மக்களைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. சிம்டேகா, கும்லா, கூண்டி ஆகிய பெயர்களை நாளேடுகளில் வேறொரு செய்தியிலும் காண்கிறோம். தரகர்கள் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி இளம் பெண்களை டில்லிக்கு வீட்டு வேலைக்குக் கூட்டிச் செல்வதும், அவர்களில் பலர் சம்பளமும் இன்றி, முகவரியும் இன்றிக் காணாமற் போவதும் அங்குள்ள குடும்பங்களின் ஆறாத துயரம். நம் நண்பரின் சொந்த ஊரிலேயே அப்படிப் போய்த் திரும்பாதவர் உண்டு. இந்நிலையில் ஒரு சிறுமி மட்டையைப் பிடித்து விடுதியில் இடம் பெறுவாளாயின், அவளுக்கு உணவும் படிப்பும் உறுதி; பின்னர் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. அவளைத் தேடித் தரகர் வரமாட்டார். விளையாட்டு பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் என்று நம் பங்குகளில் பெற்றோர் முறையிடும்போது, இதனை நினைத்து நாம் வாய்திறவாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

கூண்டி மாவட்டத்து ஹேசலின் நிக்கி பிரதான், சுந்தர்கரின் லுல்கிடிகி ஊரைச் சேர்ந்த தீப் கிரேஸ் எக்கா, சிம்டேகாவின் சலீமா டேட்டே மூவரும் டோக்கியோவில் ஆடிய மகளிர் அணியில் இருந்தனர். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று 4-ஆம் இடம் பெற்றனர். அவ்வேளையில் சலீமாவின் வீட்டில் ஆட்டத்தைக் காணத் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. செய்தி பரவியபின் அதிகாரிகள் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தனர். 2024-இல் அவர் இந்திய அணித் தலைவியானார். 2023 சனவரியில் ராவுர்கேலாவில் 20,000-க்கு மேற்பட்டோர் அமரும் பிர்சா முண்டா அரங்கம் திறக்கப்பட்டு, உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கு நடைபெற்றன. சுந்தர்கரின் வட்டாரந்தோறும் செயற்கைத் தளம் அமைக்கும் பணியையும் ஒடிசா அரசு மேற்கொண்டது. பிந்தி வந்தாலும் நல்லது நல்லதே.

நம் நண்பர் இன்று தம் மறைமாவட்டத்தில் பங்குத்தந்தை. எப்போதாவது பேசுவோம். கஸ்ஸிப் போட்டி இன்னும் நடக்கிறதாம். கிடாயின் விலைதான் எட்டவில்லையாம். ஆடவர் அணிக்குப் பதினொருவரைச் சேர்ப்பதே கடினம், ஆட வேண்டிய வயதுப் பையன்கள் எல்லாரும் உங்கள் ஊரில் அல்லவா இருக்கிறார்கள் என்றார்.

அது மெய். பின்னலாடைத் தொழிற்கூடங்கள் மலிந்த நம் பகுதியில் ஞாயிறு திருப்பலியின்போது பின்வரிசையில் நிற்கும் வடநாட்டு இளைஞர்களை நம் பங்கு மக்கள் அறிவர். அவர்களுக்கும் நமக்கும் மொழி இல்லாமையால் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்வர். நண்பர் சொன்னதன் பின்னர், திருப்பலி முடிந்து அவர்களை நிறுத்தி ஊர் கேட்டோம். நால்வர் சிம்டேகா, இருவர் சுந்தர்கர். ஹாக்கி ஆடுவீர்களா என்று அரைகுறை இந்தியில் வினவியபோது ஒருவருக்கொருவர் பார்த்துச் சிரித்தனர். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்த ஞாயிறன்று, பள்ளித் திடலில் அவர்களுக்கும் நம் பங்கு இளைஞருக்கும் ஆட்டம் ஏற்பாடாயிற்று. மட்டைகளில் பாதி பள்ளியினுடையவை. மீதி அவர்களே கருவேலங்கிளையில் செதுக்கியவை. கிடாய்க்குப் பணம் திரளவில்லை. பங்குப் பேரவையினர் ஐந்து நாட்டுக்கோழிகள் வாங்கித் தந்தனர். அவர்கள் ஏழு கோல்கள் அடித்தனர். நம்மவர் ஒன்றும் அடிக்கவில்லை. கோழிகளை அவர்கள் தங்கள் அறைக்குக் கொண்டுபோகவில்லை. கோவிலின் பின்புறத்தில் அடுப்பு மூட்டி, தோற்றவர்களையும் கோழி உரிக்க உட்கார வைத்துவிட்டார்கள்.